மற்றவை

எங்கள் ஊரில் அந்த நாடு வடக்கே இருக்கிறது.
வரைபடம் படித்தவர்கள் நம்பமாட்டார்கள்.
ஆறு இந்த இடத்தில் மட்டும் இடுப்பை வளைத்து
தெற்கை வடக்காக்கிவிட்டுப் போகிறது.

வின்ட்சரில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில்
இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்துவரை
ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி
உலகம் என்ன நினைக்கிறது என்று
எண் போடுகிறேன்.
மணிக்குப் பத்தொன்பது டாலர். இடையில் அரைமணி ஓய்வு.

கேள்வி முப்பத்தொன்று:
"அந்த நாடு மற்ற நாடுகளிடம் நடந்துகொள்ளும் விதத்தை
உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்."
சொந்த வார்த்தைகள்
யாரோ மொழிபெயர்த்து, யாரோ சுருக்கி
என் திரைக்கு வருகின்றன.
ஒன்று: பாதுகாப்புத் தருகிறது.
நான்கு: தலையிடுகிறது.
ஐந்து: எண்ணெய்.
ஒன்பது: சொல்வதொன்று, செய்வதொன்று.
உலைவாயை மூட ஒரு மூடி போதும்.
ஊர்வாய்க்கு என்னிடம் பதினான்கு பெட்டிகள்.

மணிலா, பெண், ஐம்பத்தொன்று:
"வராவிட்டால் மனவருத்தம்.
வந்தால் பந்தியை அவரே நடத்துவார்.
அப்படி ஒரு மாமா எங்களுக்கும் உண்டு."

அக்ரா, ஆண், பத்தொன்பது:
"விசா கிடைத்தால் நல்ல நாடு."

ஹனோய், ஆண், எழுபத்தாறு:
"அப்போது குண்டு.
இப்போது என் பேத்தி அங்கே கணிதம் படிக்கிறாள்.
அடுத்த கேள்வி என்ன?"

மோசூல், பெண், முப்பத்தைந்து:
"எந்த வருடத்தைக் கேட்கிறீர்கள்?"

இதற்கு முன்னால் நான் பன்னிரண்டு நிமிடம் இருந்தேன்.
ஒரு பதிலுக்கு நாற்பது விநாடி என்பது விதி.
க்ளோடெட் எட்டிப் பார்த்தாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"கேள்விக்குக் கேள்வி பதிலாகாது.
தொண்ணூற்றேழில் போடு."
தொண்ணூற்றேழு, மற்றவை.

மாதத்தில் ஒருமுறை
படிவத்தை எங்களிடமே சோதித்துப் பார்ப்பார்கள்.
நேற்று என் முறை.
முப்பது கேள்விகளுக்கும் வழுக்கிக்கொண்டு வந்தேன்:
ஓரளவு சாதகம், ஓரளவு பாதகம், ஓரளவு, ஓரளவு.
முப்பத்தொன்றில்
க்ளோடெட்டின் பேனை காத்திருந்தது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம்
டொரோன்டோவில் நெடுஞ்சாலையின் நடுவே நின்றோம்.
கார்கள் ஹாரன் அடித்தன.
அந்த நாடு கவலை தெரிவித்திருக்கிறது என்றார் ஒருவர்.
சாதாரணக் கவலையா, ஆழ்ந்த கவலையா
என்று கேட்டார் இன்னொருவர்.
ஆழ்ந்த என்றால் கப்பல் வரும்
என்று எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று
நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.
அக்காவும் பிள்ளைகளும், மூன்று.
மழை பெய்தது. கப்பல் வரவில்லை.

இங்கே ஜன்னலுக்கு வெளியே
ஒவ்வொரு இரவும் கப்பல் போகிறது,
இரும்புத்தாது, உப்பு, கோதுமை,
பெரிய வெளிச்சங்களோடு, அவசரமில்லாமல்.

"பத்து விநாடிக்கு மேல் மௌனமென்றால்
தெரியாது என்று எடுத்துக்கொள்வேன்" என்றாள் க்ளோடெட்.
தெரியாது என்பது தொண்ணூற்றெட்டு.
எனக்குத் தெரியாமலில்லை.
என் வீட்டுக் கடன் அவர்களின் டாலரில் அடைபடுகிறது.
அதுவும் தெரியும்.

"எந்த வருடத்தைக் கேட்கிறாய்?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. தொண்ணூற்றேழு என்று எழுதினாள்.
பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல்
அந்த எண்ணை ஒருமுறை வட்டமிட்டாள்.

ஐந்து பத்துக்குக் கார் நிறுத்துமிடத்தில் துஷ்யந்தி.
எங்களுக்கு ஒரே கார்.
சாவியை நான் கொடுக்க வேண்டும்,
அவள் சுரங்கப்பாதையால் அக்கரைக்குப் போக வேண்டும்.
அங்கே அவள் இருதய வார்டில் நர்ஸ்.
எல்லையில் ஒரு இளைஞன் தினமும் கேட்பான்,
எங்கே போகிறாய், எதற்கு.
பதினோரு வருடமாக ஒரே பதில்.

"உலகம் இண்டைக்கு என்ன சொல்லுது?"
வாயில் பாண் துண்டோடு கேட்டாள்.
"பிடிக்கேல்லையாம். விசா வேணுமாம்."
சிரித்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.
"சுரங்கத்துக்கு ஐம்பது சதம் கூட்டிட்டாங்கள்,
சில்லறை வச்சிருக்கிறியா?"

சட்டைப்பையைத் துழாவினேன்.
இரண்டு நாட்டுக் காசும் கலந்து கிடந்தது.
அந்த அரை இருட்டில்
ராணி எது, கழுகு எது என்று
விரலால்தான் தடவிப் பிரித்தேன்.